சிறுநீர்ப்பையில் தங்கூஸ்

மனிதர்கள் தங்கள் சிறுநீர்ப் பாதைக்குள் எதையெல்லாம் நுழைத்துக்கொள்வார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. பேனா ரீஃபில், மின்சார ஒயர், மெழுகுவத்தித் துண்டு, துடைப்பக் குச்சி, ஒரு தடவை குழந்தைகள் கோக்கும் பாசிமணிச் சரம். வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் சிறுநீரக அறுவை அரங்கில் பத்தொன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தால் இப்படி ஒரு பட்டியல் தானாகச் சேர்ந்துவிடும். இப்போது ஓய்வு பெற்று எர்ணாவூரில் இருக்கிறேன். கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலிக்காரர்கள், "அப்படி என்னதாங்க பார்த்தீங்க அங்கே?" என்று கேட்பார்கள். பந்திக்கு முன்னால் சொல்லக் கூடாது என்பதால் சொல்வதில்லை. பந்திக்குப் பிறகு அவர்கள் கேட்பதில்லை.

இந்த மாதிரி வருகிறவர்களிடம் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். என்ன பொருள், எவ்வளவு நீளம், எப்போது. ஏன் என்று கேட்பது எங்கள் வேலை அல்ல. அதற்கு மனநல மருத்துவர் இருக்கிறார். ஒரு சீட்டு எழுதி அவரிடம் அனுப்புவோம். பலர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவார்கள். கேட்காத 'ஏன்'னுக்குத்தான் விதவிதமாகப் பதில் வரும். தூங்கும்போது நடந்தது, கீழே உட்கார்ந்தபோது ஏறிவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். இதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வதும் என் வேலையில் அடக்கம். படிப்பில் அதைச் சொல்லித் தரவில்லை.

அவர் வந்தது மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தபோது. காசிமேட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், விசைப்படகில் வலை பார்க்கிற வேலை. எங்களுக்குப் புதியவர் அல்ல. மாசி மாதம் படகின் விளிம்பில் கால் வழுக்கி இரண்டு பக்கமும் கால் தொங்க விழுந்ததில் சிறுநீர்க் குழாய் நசுங்கி, காயம் ஆறும்போது பாதை சுருங்கிவிட்டது. எங்கள் வார்டில்தான் படுத்திருந்தார். கம்பி விட்டு விரித்து, மாதம் ஒருமுறை வந்து விரித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். வரவில்லை. யாரும் வருவதில்லை. பாதை மறுபடி அடைத்த பிறகுதான் வருவார்கள்.

இந்த முறை மனைவி கூட வந்திருந்தார். மனைவிதான் பேசினார்.

"ரெண்டு நாளா ரத்தமா போவுது சிஸ்டர். சொட்டுச் சொட்டா வுடுது. கல்லுதானே? எங்க பக்கத்து வூட்டுல ஒருத்தருக்கு இப்டித்தான் இருந்துச்சி."

கணவரைத் தனியாகத் திரைக்குள் கூப்பிட்டு என் முதல் கேள்வியைக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"தங்கூஸ்."

தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. பட்டியலில் புதிது.

"எவ்வளவு நீளம்?"

"ஒரு சாண்."

"எப்போ?"

"முந்தா நேத்து." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யக்கா, அவளாண்ட கல்லுன்னே சொல்லிடு. அவ அண்ணந்தான் எங்க லாஞ்சி டிரைவரு. மேட்டரு அவன் காதுக்குப் போச்சின்னா காசிமேடு முய்க்க சிரிப்பான். அதுகூடப் பரவால்ல. சீக்காளின்னு தெரிஞ்சா மொத தங்கலுக்கே வேற ஆளப் போட்டுடுவான். தடை முடிஞ்சி மொத தங்கலுக்குப் போவாதவன வருசம் முச்சூடும் ஏத்த மாட்டாங்க."

தங்கல் என்பது லாஞ்சி எனும் விசைப்படகில் பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே கிடந்து பிடிக்கிற பயணம். தடை முடிகிற அன்று படகுகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஆக, அவருடைய கவலை உயிரைப் பற்றியது அல்ல, பத்து நாளைப் பற்றியது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. நைலான் தெரியாது. ஸ்கேனில் சிறுநீர்ப்பைக்குள் ஏதோ சுருண்டு கிடப்பது தெரிந்தது. பயிற்சி மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படத்தைத் தன் செல்போனில் படம் எடுக்கப் போனார். "எடுங்க சார், எடுத்து உங்க அம்மாவுக்கு அனுப்புங்க" என்றேன். போன் பைக்குள் போய்விட்டது.

எங்கள் அறுவை மருத்துவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். நோயாளியிடம் இரண்டு வழிகளையும் சொன்னார். குழாய்க்கருவியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே விட்டுப் பார்த்து எடுக்கலாம். ஒரு மணி நேரம் முயற்சி செய்வார். முடியாவிட்டால் அடிவயிற்றைத் திறக்க வேண்டும். திறந்தால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் இரண்டும் எழுதியிருக்கும், ஒரே கையெழுத்து போதும்.

"தொறந்தா நான் கரைல குந்திகினு ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மனைவியிடம் நான் பொய் சொல்லவில்லை. "அடைப்பு, எடுக்கப்போகிறோம்" என்றேன். அரங்கப் பலகையில் அவர் படுக்கை எண்ணுக்கு நேரே 'சிஸ்டோஸ்கோபி' என்று மட்டும் எழுதினேன். சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்ப்பதற்கு அதுதான் பெயர், ஆக அதுவும் உண்மைதான். நடைமுறைகளை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதன் பயன் இது. பொய் சொல்லாமலே மறைக்கலாம்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். ஆள் விழித்திருப்பார், எதுவும் உணர மாட்டார். வழக்கமாக நான் டிவி திரையை நோயாளியின் கண்ணில் படாதபடி திருப்பி வைப்பேன். தன் உள்ளே இருப்பதைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. அன்று கேபிள் எட்டவில்லை, திரை அவர் முகத்துக்கு நேராகவே நின்றது.

டாக்டர் சுருங்கின இடத்தைச் சின்னக் கத்தியால் கீறி வழி பண்ணிக்கொண்டு உள்ளே போனார். உப்புநீர் ஏற்றி நிரப்பிய பைக்குள் தங்கூஸ் மிதந்தது. ஒரு சாண் என்று பார்த்தால் தெரியவில்லை. நூல்கண்டைப் பூனையிடம் கொடுத்து வாங்கியது போல இருந்தது. நடுவில் ஒரு முடிச்சு.

டாக்டர் இடுக்கியால் முடிச்சைப் பிடித்து மெல்ல இழுத்தார். பையின் வாய்க்கு வந்ததும் மாட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"டாக்டரு, அத்த இயுக்காத!"

எல்லோரும் நிமிர்ந்தோம்.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"வலிக்கல. டிவில பாத்துகினுதான கீறேன். நீ புடிச்சிகினு கீறது நடு முடிச்சி. இயுக்க இயுக்க எறுகும். ஜென்மத்துக்கும் வராது."

சில மருத்துவர்கள் இந்த இடத்தில் 'அமைதியா படுங்க' என்று சொல்லியிருப்பார்கள். எங்களவர் இடுக்கியைத் தளர்த்திவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்போ எதைப் பிடிக்கணும்?"

"மேல ஒரு முனை ஆடிகினு கீது பாரு. அது இல்ல, அது செத்த முனை, இயுத்தா ஓடாது. அதுக்குக் கீய ஒண்ணு வட்டமா சுத்திகினு கீதே, அத்தப் புடி. ஆங். அத்தான். இப்ப முடிச்சப் பின்னால தள்ளு. தளத்து. தளத்துய்யா… சாரு. தளத்துங்க சாரு."

மணி பார்த்தேன். முப்பது நிமிடம் ஆகியிருந்தது. முடிச்சு கொஞ்சம் நெகிழ்ந்தது, அவிழவில்லை. உள்ளேயே நறுக்கித் துண்டுதுண்டாக எடுப்பது என்று முடிவானது. குழாய் வழியாகப் போகும் கத்தரி அரிசி மணி அளவுதான் இருக்கும். அது நைலானைக் கவ்வும், நைலான் வழுக்கிக்கொண்டு நகரும். மறுபடி கவ்வும், மறுபடி நகரும். லேசர் இருந்தால் ஒரு நொடி வேலை. லேசர் ரிப்பேருக்குப் போயிருந்தது. அது இங்கே இருந்த நாட்களைவிட ரிப்பேரில் இருந்த நாட்கள் அதிகம்.

"தளந்து கெடக்குற தங்கூஸு அறுவாது" என்றது தலைமாட்டுக் குரல். "வெறப்பா இருந்தாத்தான் அறுவும். ஓடுற முனைய வெளிய கொணாந்து யாரனா புடிச்சிக்கங்க. நீ உள்ள போயி அறு. சிஸ்டரு சொம்மாத்தான நிக்குது?"

பத்தொன்பது வருடத்தில் நான் சும்மா நிற்பதாகச் சொன்ன முதல் நோயாளி இவர்தான்.

டாக்டர் அந்த முனையை இடுக்கியில் பிடித்தபடி கருவியோடு வெளியே வந்தார். நான் அதை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் கவ்விக்கொண்டேன். அவர் பக்கத்திலேயே மறுபடி கருவியை விட்டு உள்ளே போனார். "லேசா இழுங்க சிஸ்டர்" என்றார். இழுத்தேன். "ரொம்ப வாணாம்க்கா, மீனு கடிக்கிறது கைக்குத் தெரியணும், அவ்ளோதான்" என்றார் நோயாளி. நான் பிறந்ததிலிருந்து இந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறேன், தூண்டில் பிடித்ததில்லை. ஆனாலும் புரிந்தது. கத்தரி கவ்வியது, நரம்பு அசையவில்லை, டக்கென்று ஒரு சின்ன அதிர்வு என் கைக்கு வந்தது. முதல் துண்டு என் கையோடு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. துண்டுகளைப் பச்சைத் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். பதினான்கு துண்டுகள். பைக்குள் பார்வைக்கு எதுவும் இல்லை. டாக்டர் திருப்தியாகக் கருவியை எடுக்கப் போனார். எனக்குத்தான் கணக்கு இடித்தது. ஒரு சாண் என்றவரின் துண்டுகளை ஒட்டவைத்தால் அதைவிடப் பல மடங்கு வரும் போலிருந்தது. நீளத்தில் பொய் சொன்னவரை நம்பி எல்லாம் வந்துவிட்டது என்று எப்படி எழுதுவது? உள்ளே ஒரு விரல்கடைத் துண்டு தங்கினாலும் அதன்மேல் உப்புப் படிந்து ஒரு வருடத்தில் கல்லாகும்.

"சார், நீளம் சரியில்ல" என்றேன்.

டாக்டர் எழுந்து தலைமாட்டுக்கு வந்தார். "நிஜத்தைச் சொல்லுங்க. எவ்வளவு விட்டீங்க?"

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மொயம்."

"ரெண்டு முழமா? எதுக்கு?"

"சிஸ்டருதான சொன்னாங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தகவல் சொல்கிற குரல். "ஒண்ணுக்கு வர்ற வரிக்கும் மெதுவா உள்ள தள்ளு, வந்ததும் நிறுத்துன்னு. வரவே இல்ல. அதான் தள்ளிகினே இருந்தேன்."

சொன்னது உண்மைதான், ஆனால் அவருக்கு அல்ல.

மாசி மாதம் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவர் நாள்தோறும் தானே பிளாஸ்டிக் குழாய் விட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டியிருந்தது. அவருக்குக் காது மந்தம் என்பதால் வார்டுக்கே கேட்கும்படி மூன்று நாள் கற்றுக்கொடுத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவு. குழாயில் ஜெல்லி தடவு. நிமிர்த்திப் பிடி. மெதுவாகத் தள்ளு, சிறுநீர் வரும் வரை தள்ளு. பக்கத்துக் கட்டில்காரர் சும்மா படுத்திருந்தார். பாடம் கேட்டிருக்கிறார்.

மீதியை அவரே சொன்னார். பாதை நூலாகச் சுருங்கியதும் பாடம் நினைவுக்கு வந்திருக்கிறது. குழாய் வாங்க வெட்கம்; தெருமுனை மருந்துக் கடையில் கல்லாவில் இருப்பது மனைவியின் சித்தி மகள். அந்தப் பெரியவரின் குழாய் பார்வைக்கு மெல்லிசாக, வழவழப்பாக, தங்கூஸ் மாதிரிதானே இருந்தது? கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார். தங்கூஸைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்திருக்கிறார். ஜெல்லிக்குப் பதில் தேங்காய் எண்ணெய். நான் சொன்ன வரிசையில் ஒன்றைக்கூட விடவில்லை. என் மாணவர்களில் அவரைப் போல் சுத்தமாகச் செய்தவர் இல்லை. குழாய்க்குள் துவாரம் இருக்கிறது, அதன் வழியாகத்தான் சிறுநீர் வருகிறது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதில்லை. தங்கூஸில் துவாரம் இல்லை. அதனால் சிறுநீர் வரவில்லை. அதனால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"யாரு மொழம்?" என்று கேட்டேன்.

"என் கை மொயந்தான்."

துண்டுகளை எடுத்துக்கொண்டு போய், ஊசி ஏற்றாத அவருடைய வலது கையில் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். அவரும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் நிறைந்தது. மறுபடி முழங்கையிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டாவது முழம் நடுவிரலின் அடியோடு நின்றுவிட்டது.

"ஒரு விரல் கொறையுது" என்றார் அவரே.

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். பையின் மேற்புறத்தில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. அடிவயிற்றை வெளியிலிருந்து நான் அழுத்த, குமிழி நகர்ந்தது. அதன் பின்னால் பதினைந்தாவது துண்டு இருந்தது. மணி ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைசியில் சிறுநீர் வடியப் போட்ட குழாய் ஒரு வாரம் உள்ளே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். எடுத்த பிறகு தானாகச் சிறுநீர் போய்க் காட்டினால், பிளாஸ்டிக் குழாயைத் தானே விடக் கற்றுக்கொண்டால், கடலுக்கு அனுப்புவார். கற்றுக்கொள்ளாமல் போனால் கீறின இடம் மறுபடி சுருங்கும். கனம் தூக்குவதற்குத் தடை இல்லை, வயிற்றைத் திறக்கவில்லையே. மனநல மருத்துவருக்கும் சீட்டு எழுதினார், நடைமுறை அது. இவர் போனார். அரை மணியில் திரும்பி வந்து, "நல்ல மனுசன். தங்கூஸு எங்க வாங்குவேன்னு கேட்டுகினு இருந்தாரு" என்றார்.

படகு கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை குழாயை எடுத்தேன். மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தார். பதினொரு மணி, பன்னிரண்டு மணி, ஒன்றும் இல்லை. நடந்தார். குழாயடித் தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். மனைவி வராந்தாவில் உட்கார்ந்து நிலைமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரைக்கு அளவு ஜாடியோடு கழிப்பறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. கதவருகே நின்றேன். முதலில் ஓர் இருமல். அப்புறம் பிளாஸ்டிக் ஜாடியில் விழும் சத்தம், நிற்காமல், தடியாக.

முன்னூற்றைம்பது மில்லி. குறித்துக்கொண்டேன்.

அடுத்தது பாடம். திரையை இழுத்துவிட்டு, குழாயின் நுனியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதலில் துவாரத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எல்லோருக்கும் முதலில் காட்டியது அதைத்தான். பாடத்தில் அவருக்குச் சொல்லித்தர வேறு எதுவும் இல்லை. ஒரே தடவையில் செய்தார்.

"லாஞ்சில எங்கக்கா பண்றது?" என்றார். "ஒம்போது பேரு. மறைவுன்னு ஒண்ணும் கெடையாது."

கையேட்டில் 'சுத்தமான, தனிமையான அறை' என்று இருக்கும்.

திரைக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அண்ணே, நான்தான். உன் மச்சானுக்கு ஒண்ணுக்குப் போற எடம் சுருங்கிக் கீது. தூண்டி தங்கூஸு வுட்டு நோண்டிக்கிச்சி. ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க."

"ஏய்!" என்று இவர் பாதி எழுந்தார். "கல்லுன்னுதான சொன்னேன் உன்னாண்ட!"

"கொதிக்கிற சட்டில தங்கூஸு போட்டது நீ, கய்வுனது நானு" என்றார் மனைவி திரையை விலக்கி. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "கல்லாம் கல்லு. யோவ், பேசுய்யா."

போனில் இஞ்சின் சத்தமும் பத்துப் பேர் கத்துவதும் கேட்டது. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"இன்னா மாமு" என்றது போன். "மீன வுட்டுட்டு உன்னையே தூண்டில்ல மாட்டிக்கினியா?" பின்னால் சிரிப்பு. காசிமேடு முழுக்க இனித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். "இப்ப தேவலயா? வருவியா மாட்டியா, அத்தச் சொல்லு. வலை இன்னும் ரெண்டு எடத்துல பீஞ்சி கெடக்குது, எவனுக்கும் கட்டத் தெரில."

"டெய்லி ஒரு வாட்டி டியூபு வுடணும்டா. மறைவா எடம் வோணும்."

"அதுக்கின்னா, பின்னால சாக்கு ஒண்ணு கட்டித் தரேன். தொரைக்குத் தனி பாத்ரூமு. சாயங்காலத்துக்குள்ள வந்து வலையப் பாரு."

இவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். குழாய்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கப் போனேன். "வாணாம்க்கா, தெரிஞ்சிப் போச்சில்ல" என்று அப்படியே பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, சொன்ன தேதிக்கு வந்து நின்றார். அப்படி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். உடம்பெல்லாம் டீசல் வாடை. டாக்டர் கம்பி விட்டுப் பார்த்தார், தடங்கல் இல்லாமல் போனது. ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டேன்.

"அந்தச் சாக்குதான்க்கா" என்றார். "கருவாட்டுச் சாக்கு. செம கலீஜு. வேற மாத்தித் தாடான்னா, ஒம்போது பேரும் இப்ப அத்தான் மறைவா வெச்சிகினு கீறாங்க, கயட்ட வுட மாட்றாங்க."